தோசை மாவும் நாற்பது மாடியும்: டிரஸ்ட் நிலத்தில் கோபுரம் எழும் கணக்கு

"டிரஸ்ட் நிலம்தானே, அவங்க இஷ்டத்துக்குக் கட்டிக்கட்டும்" என்பார் ஒருவர். "தர்மச் சொத்தைக் கொண்டுபோய் பில்டர் மாதிரி வித்துக் காசாக்குறாங்க" என்பார் இன்னொருவர். "அங்க வாடகைக்கு இருந்தவங்களுக்கெல்லாம் சும்மாவே ஃப்ளாட்டாமே, யோகக்காரங்க" என்று பெருமூச்சு விடுவார் மூன்றாமவர். நகரத்தின் பழைய பேட்டை ஒன்றில் ஓர் அறக்கட்டளை உயரமான கட்டடங்கள் கட்டப்போகிறது என்று செய்தி வந்தால், டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப்பிலும் இந்த மூன்று குரல்களும் தவறாமல் கேட்கும். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனாலேயே மூன்றும் எளிதாக நம்பப்படுகின்றன.

இதைப் புரிந்துகொள்ளச் சட்டமோ கட்டடக்கலையோ படித்திருக்க வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பொதுவாகப் பேசினால் குழம்பும் என்பதால் ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: தெற்கு மும்பையின் பெண்டி பஜார்.

## முதலில் இடத்தை ஒரு எட்டு பார்ப்போம்

சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து முகமது அலி சாலை வழியாக ஜே.ஜே. மருத்துவமனைப் பக்கம் போனால் பெண்டி பஜார் வரும். கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்ததால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 'பிஹைண்ட் தி பஜார்' என்றார்கள், அது திரிந்து பெண்டி பஜார் ஆனது என்று ஒரு கதை உண்டு. மராத்தியில் பெண்டி என்றால் பூவரசு, பூவரச மரங்கள் நின்ற இடம் என்று இன்னொரு கதை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இந்துஸ்தானி இசையில் இந்தப் பேட்டையின் பெயரிலேயே ஒரு கரானா, அதாவது பாடும் பரம்பரை, இருக்கிறது. இப்போது அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் போவது நல்லி நிஹாரி சாப்பிட.

சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பழைய கட்டடங்கள் நூறு வயதை ஒட்டியவை. மரச்சட்டம், செங்கல், நாலைந்து மாடி. படிக்கட்டின் நடுப்பகுதி, பல தலைமுறைக் கால் பட்டு, பழைய அம்மிக்கல் போலக் குழிந்திருக்கும். தாழ்வாரத்தில் உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்த கம்பங்கள் நிற்கும். தற்காலிகமாக வைத்தவைதான், ஆனால் அவற்றில் துணிக்கொடி கட்டி வருடக்கணக்கு ஆகியிருக்கும். உள்ளே ஒரே அறை. மேலே பரண் மாதிரி ஒரு பலகைத் தளம், பிள்ளைகள் படுக்க. கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில், மாடிக்குப் பொது. கீழ்த்தளம் முழுக்கக் கடைகள்.

2009-ல் இப்படிப்பட்ட சுமார் 250 கட்டடங்கள் இருந்தன, 16.5 ஏக்கருக்குள். ஏறக்குறைய 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். ஏக்கருக்கு 190 குடும்பத்துக்கு மேல் என்று கணக்கு வருகிறது. அதுவும் சாலை, சந்து எல்லாவற்றையும் சேர்த்த ஏக்கர்.

இந்த மொத்தத்தையும் இடித்துவிட்டு உயரமான கோபுரங்களாகக் கட்டுவதற்காக 2009-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பெயர் சைஃபி புர்ஹானி அப்லிஃப்ட்மென்ட் டிரஸ்ட். ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவான தாவூதி போரா சமூகத்தின் அப்போதைய தலைவர் சையத்னா முகமது புர்ஹானுத்தீன் தொடங்கி வைத்தது. அவருடைய தந்தையின் அடக்கத் தலமான ரவுதத் தாஹிரா இதே பேட்டையில்தான் இருக்கிறது. 2014-ல் காலமான அவரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தச் சமூகத்துக்கு இது வெறும் வியாபார இடம் அல்ல என்பதைச் சொல்லவே இது. குடியிருப்பவர்கள் எல்லோரும் போராக்கள் அல்ல என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

## டிரஸ்டி முதலாளி இல்லை

கோயில் தர்மகர்த்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு ஐம்பது ஏக்கர் இருக்கலாம், பத்திரம் அவர் பீரோவில் இருக்கலாம், குத்தகைக்காரர் அவரைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டலாம். ஆனாலும் தன் மகள் கல்யாணத்துக்காக அதில் ஒரு சென்ட் விற்க அவருக்கு வழியில்லை. நிலம் கோயிலுடையது, அவர் பார்த்துக்கொள்கிறவர்.

அறக்கட்டளையும் அப்படித்தான். ஒரு பொது நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்ட சொத்தும், அந்த நோக்கத்தை எழுதிவைத்த பத்திரமும் சேர்ந்ததுதான் அறக்கட்டளை. அந்தச் சொத்தை நோக்கத்துக்காக மட்டும் நிர்வகிக்கக் கடமைப்பட்டவர் டிரஸ்டி. "அவங்க இஷ்டம்" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. டிரஸ்டிக்கு இஷ்டம் கிடையாது, கடமைதான் உண்டு.

மகாராஷ்டிரத்தில் இதற்கு 1950-ம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் 36-ம் பிரிவுப்படி, ஒரு பொது அறக்கட்டளை தன் அசையாச் சொத்தை விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, தானமாகக் கொடுக்கவோ அறக்கட்டளை ஆணையரின் முன் அனுமதி வேண்டும். கட்டடத்தை மூன்று வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்குக்கூட வேண்டும். நம் ஊர் அறநிலையத்துறை போல இது கோயில்களுக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், தர்மசாலை, எந்த மதத்து அறக்கட்டளையாக இருந்தாலும் பதிவு இருந்தால் இந்த வளையத்துக்குள் வரும்.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வழக்கமாக நாம் கேள்விப்படுவது, பரம்பரை நிலம் வைத்திருக்கும் ஒரு டிரஸ்ட் ஒரு பில்டரோடு பங்கு ஒப்பந்தம் போடுவது. அதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நிலத்துக்குச் சரியான விலை வந்ததா என்பது. பெண்டி பஜாரில் நடப்பது வேறு. அங்கே டிரஸ்ட் பழைய உரிமையாளர்களிடமிருந்து கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, தானே கட்டுகிறது. அதாவது பில்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் டிரஸ்ட்தான். மீதம் வந்தால் பங்குபோட்டுக்கொள்ளப் பங்குதாரர்கள் கிடையாது. ஆனால் லாப நோக்கம் இல்லை என்றால் வரவே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. சிமென்ட் கடைக்காரர் தர்மக் கணக்கில் மூட்டை இறக்க மாட்டார்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: நிலம் டிரஸ்டிகளின் சொந்தச் சொத்து அல்ல, கைமாற்ற அனுமதி வேண்டும், பெண்டி பஜாரில் டிரஸ்ட் வெறும் நில உரிமையாளர் இல்லை, கட்டுகிறவரும் அதுவே.

## நூறு ரூபாய் வாடகை எங்கிருந்து வந்தது?

தெற்கு மும்பையின் நட்டநடுவில் ஒரு வீட்டுக்கு மாத வாடகை நூறு, இருநூறு ரூபாய். கேட்டால் நம்ப மாட்டோம். ஆனால் பழைய பேட்டைகளில் இது சர்வசாதாரணம்.

1947-ல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை 1940-ம் ஆண்டு செப்டம்பர் நிலவரத்தில் உறைய வைத்தது. போர்க்காலத்து நெருக்கடி, அகதிகள் வருகை, வீடு தட்டுப்பாடு என்று அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது. நெருக்கடி போனது, உறைந்த வாடகை உருகவில்லை. 1999-ல் புதுச் சட்டம் வந்த பிறகும் ஏற்றம் பெயரளவுக்குத்தான்.

விளைவை யோசித்துப் பாருங்கள். இருபது குடித்தனத்தின் மொத்த வாடகையும் ஒரு கொத்தனாரின் சில நாள் கூலிக்குக்கூடக் காணாது என்றால், வீட்டுக்காரர் கூரையை எதற்கு மாற்றுவார்? மாற்றவில்லை. கட்டடங்கள் விழத் தொடங்கின. 1969-ல் அரசு ஒரு பழுதுபார்ப்பு வாரியம் அமைத்து, அந்தக் கட்டடங்களிடம் வரி வசூலித்து அந்தப் பணத்தில் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தது. அந்த வரிக்குப் பெயர் செஸ். இந்தக் கணக்கில் வரும் பழைய வாடகைக் கட்டடம்தான் செஸ் கட்டடம். ஆரம்பத்தில் மும்பையின் பழைய தெற்குப் பகுதியான தீவு நகரத்தில் மட்டும் 19,000-க்கு மேல் இருந்தன. தாழ்வாரத்தில் பார்த்த முட்டுக் கம்பங்கள் இந்த வாரியத்தின் கைவண்ணம். இப்போது வாரியம் மகாடா என்ற மாநில வீட்டுவசதி அமைப்பின் ஒரு பகுதி.

அடுத்தது பகடி. நம் பக்கத்தில் போக்கியம் தெரியும்: மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பது, காலி பண்ணும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. பகடியும் மொத்தத் தொகையில் தொடங்கும். ஆனால் பணம் திரும்ப வராது, சின்ன வாடகை உண்டு, இருக்கும் உரிமை பிள்ளைகளுக்குப் போகும். வேறு ஒருவருக்கு அந்த உரிமையை விற்கவும் செய்யலாம், வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு. ஆகவே பகடிக்காரர் வாடகைக்காரர் மட்டும் இல்லை, முக்கால் சொந்தக்காரர்.

"சும்மா ஃப்ளாட்" என்ற பெருமூச்சுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தக் குடும்பத்திடம் ஏற்கெனவே விலைமதிப்புள்ள ஓர் உரிமை இருந்தது. அதை விட்டுக்கொடுத்துத்தான் அதற்குப் பதிலாகச் சொந்த வீடு வாங்குகிறார்கள். பெண்டி பஜாரில் ஒரு குடும்பத்துக்குக் குறைந்தபட்சம் 350 சதுர அடி கார்ப்பெட் ஏரியா என்று டிரஸ்ட் அறிவித்தது. சுவர் கனம், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் போக உள்ளே பாய் விரிக்கக்கூடிய தரைதான் கார்ப்பெட் ஏரியா. உள்ளேயே கழிப்பறை உண்டு. தாழ்வாரக் கோடிக்கு வாளியோடு போன ஒரு பாட்டிக்கு 350 என்ற எண்ணைவிட அந்தக் கதவுதான் பெரிது.

## மாவு எவ்வளவு, தோசை எவ்வளவு

உயரத்துக்கு வருவோம். பெரும்பாலான சண்டை இதில்தான். பெரும்பாலான குழப்பமும் இதில்தான்.

ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்பதை மனையின் பரப்பால் பெருக்கிச் சொல்லும் எண் எஃப்எஸ்ஐ. தமிழில் தளப்பரப்புக் குறியீடு என்று எழுதுகிறார்கள். மனை 10,000 சதுர அடி, எஃப்எஸ்ஐ 1.33 என்றால், எல்லா மாடியும் சேர்த்து 13,300 சதுர அடி கட்டலாம். மும்பைத் தீவு நகரத்தில் 1991 விதிகளின் அடிப்படை அளவு இந்த 1.33-தான்.

எஃப்எஸ்ஐ-யை மாவு என்று வையுங்கள். ஒரு கரண்டி மாவில் கல் முழுக்க மெல்லிசாகத் தோசை வார்க்கலாம், அல்லது நடுவில் கனமாக ஊத்தப்பம் போடலாம். மாவு ஒன்றுதான், கனம் மட்டும் மாறுகிறது. எஃப்எஸ்ஐ மாவின் அளவைச் சொல்கிறது, ஊத்தப்பத்தின் உயரத்தைச் சொல்வதில்லை. 10,000 சதுர அடி மனையில் எஃப்எஸ்ஐ 4 என்றால் 40,000 சதுர அடி மாவு. மனை முழுவதையும் அடைத்துக் கட்டினால் நாலு மாடியில் தீர்ந்துவிடும். பாதி மனையில் கட்டினால் எட்டு மாடி. கால்வாசியில் கட்டினால் பதினாறு. அதற்குக் கீழே வண்டி நிறுத்தும் தளங்கள் வந்தால், அவை பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேராது என்பதால், கட்டடம் இன்னும் மேலே ஏறும்.

அதனால் "நாலு மாடி இருந்த இடத்தில் நாற்பது மாடியா, பத்து மடங்கு கூட்டமா?" என்று கேட்பது தப்பான பெருக்கல். பழைய கட்டடம் மனையின் ஓரம் வரை அடைத்துக்கொண்டு நின்றது. புதியது ஒடுங்கி நிற்கிறது. கூட்டம் கூடத்தான் செய்யும், விற்பனைக்கு வரும் வீடுகளின் அளவுக்கு. பத்து மடங்கு இல்லை. உயரத்தைப் பார்த்துக் கோபப்படுகிறவர்கள் கரண்டியைப் பார்க்காமல் தோசையின் கனத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

சரி, மாவை ஏன் 1.33-லிருந்து 4 வரை ஏற்றினார்கள்? பெண்டி பஜாரின் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 16.5 ஏக்கர் என்பது சுமார் 7.19 லட்சம் சதுர அடி. சாலைகளைக் கழிக்காமலே 1.33-ஆல் பெருக்கினால் 9.56 லட்சம் சதுர அடி கிடைக்கும். இந்தப் பக்கம் 3,200 குடும்பத்துக்கு ஆளுக்கு 350 என்றால் கார்ப்பெட் ஏரியா மட்டும் 11.2 லட்சம். ஏற்கெனவே இடிக்கிறது. சுவர், படி, லிஃப்ட், 1,250 கடைகள் எல்லாம் இன்னும் சேர்க்கவே இல்லை. பழைய கட்டடங்கள் எஃப்எஸ்ஐ என்ற சொல்லே வருவதற்கு முன் எழுந்தவை, அதனால் விதியைவிட அதிகமாகவே கட்டப்பட்டவை. இடித்துவிட்டு இன்றைய அடிப்படை விதியில் கட்டினால் இருக்கிறவர்களுக்கே இடம் போதாது. எனவே 2009-ல் மும்பை வளர்ச்சி விதிகளின் 33(9) என்ற பிரிவைத் திருத்தி, பெரிய அளவில் சேர்த்துக் கட்டும் திட்டங்களுக்கு எஃப்எஸ்ஐ 4 கொடுத்தார்கள். விதிக்குள் இன்னும் பல உள்மடிப்புகள் உண்டு. நமக்கு இந்த 4 போதும்.

## ஒரு கட்டடத்தின் வரவு செலவு

இனி வருவது பாவனைக் கணக்கு. தொகைகள் விளங்குவதற்காக நான் வைத்தவை, பெண்டி பஜாரின் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்தவை அல்ல.

மனை 10,000 சதுர அடி. குடியிருப்பவர்கள் 60 குடும்பம். ஆளுக்கு 350 என்றால் 21,000. சுவர், தாழ்வாரம் வகைக்கு 30 சதவீதம் சேர்த்தால் 27,300. எஃப்எஸ்ஐ 4-ல் கட்டக்கூடியது 40,000. மிச்சம் 12,700 சதுர அடி. இந்த மிச்சத்துக்கு விற்பனைப் பகுதி என்று பெயர். வெளியாட்களுக்குச் சந்தை விலைக்கு விற்கலாம்.

செலவு: 40,000 சதுர அடியும் கட்ட 20 கோடி. பழைய கட்டடத்தை வாங்கியது, குடும்பங்களை இடைக்காலத்தில் வேறு இடத்தில் வைத்திருப்பது, அனுமதிக் கட்டணங்கள், வட்டி எல்லாம் சேர்ந்து 12 கோடி. ஆக 32 கோடி. 60 குடும்பங்களிடமிருந்து ஒரு பைசா வராது. அப்படியானால் 32 கோடியும் அந்த 12,700 சதுர அடியிலிருந்துதான் வந்தாக வேண்டும். சதுர அடிக்கு ஏறக்குறைய 25,200 ரூபாய்க்கு விற்றால்தான் கையைக் கடிக்காது.

திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனால்? வட்டியும் இடைக்கால வாடகையும் மூன்று கோடி ஏறியது என்று வையுங்கள். இப்போது 27,500-க்கு மேல் விற்க வேண்டும். இன்னொரு வருடம் போனால் இன்னும் மேலே. விலை அந்த அளவுக்குப் போகாவிட்டால் ஒன்று நன்கொடையால் ஓட்டையை அடைக்க வேண்டும், இல்லை இன்னும் மாவு கொடுங்கள் என்று அரசிடம் போய் நிற்க வேண்டும். நகரங்களில் "திருத்தப்பட்ட திட்டம், கூடுதல் மாடிகள்" என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த வகுத்தல் கணக்குதான் பின்னால் ஓடுகிறது.

தனியார் பில்டர் இந்தக் கணக்கு இனிக்கும் இடத்துக்கு மட்டும்தான் வருவார். டிரஸ்ட்டின் அனுகூலம், பூஜ்ஜியத்தில் நின்றாலும் அதற்குப் போதும். சமூகத்தின் நன்கொடையும் பின்னால் இருக்கும். பலவீனம், கட்டட வேலையில் அதற்கு முன்பழக்கம் கிடையாது.

திரும்பப் பார்த்தால்: இருக்கிறவர்களுக்கு இலவச வீடு, அதற்குக் காசு மிச்சத் தளங்களின் விற்பனையில், மிச்சம் வருவதற்கு எஃப்எஸ்ஐ ஏற்றம், ஏற்றத்தால் உயரம். தர்மமும் வியாபாரமும் ஒரே கட்டடத்தின் வேறு வேறு மாடிகள்.

## ஏன் ஒவ்வொன்றாக இடித்துக் கட்டக்கூடாது?

பாகப்பிரிவினை ஆன பூர்வீக வீட்டைப் பார்த்திருப்பீர்கள். நாலு அண்ணன் தம்பிக்கும் தனித்தனி அடுப்படி, தனித்தனி வாசல், தனித்தனி மோட்டார். வீட்டில் பாதி இடம் தடுப்புச் சுவருக்கே போயிருக்கும். சின்னச் சின்ன மனைகளில் தனித்தனியாகக் கட்டினால் அதே கதி. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிக்கட்டு, தனி லிஃப்ட், தீயணைப்பு வண்டி திரும்ப இடம். சந்து பழைய அகலத்திலேயே இருக்கும், சாக்கடைக் குழாயும் பழையதாகவே இருக்கும்.

பல மனைகளைச் சேர்த்து ஒரே திட்டமாகக் கட்டுவதற்கு கிளஸ்டர் என்று பெயர். மும்பைத் தீவு நகரத்தில் இதற்குக் குறைந்தது 4,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர் வேண்டும். பெண்டி பஜார் அதைப்போலப் பதினாறு மடங்கு. சாலையை அகலப்படுத்தவும் புதுக் குழாய் போடவும் இதில் வழி கிடைக்கிறது.

சேர்த்துக் கட்டுவதென்றால் எல்லோரும் சேர வேண்டுமே. 2009 விதிப்படி குடியிருப்பவர்களில் 70 சதவீதம் பேர் எழுத்தில் சம்மதிக்க வேண்டியிருந்தது. பிறகு அந்த அளவைக் குறைத்தார்கள். சம்மதிக்காதவர்களைத் துரத்திவிடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுக்கும் அதே வீடு உண்டு, ஆனால் திட்டத்தைத் தடுத்து நிறுத்தும் பிடி மட்டும் அவர்கள் கையிலிருந்து போகிறது.

## காலிக் கட்டம்

பதினாறு கட்டத்தில் பதினைந்து எண்களை நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டுச் சாமானை ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தால்தான் எதையுமே நகர்த்த முடியும். நெருக்கமான பேட்டையில் அந்தக் காலிக் கட்டம் கிடையாது. வெளியே எங்கோ உண்டாக்க வேண்டும். கட்டி முடியும்வரை குடும்பங்கள் தங்கும் அந்த வெளி வீடுதான் டிரான்சிட் வீடு. பெண்டி பஜார்க்காரர்கள் பலர் மசகான் பக்கத்துக்குப் போனார்கள்.

என்னைக் கேட்டால் இந்த மாதிரித் திட்டங்களின் உண்மையான ஆபத்து நாற்பதாவது மாடியில் இல்லை, இந்த இடைவெளியில்தான். 2017 ஆகஸ்ட் 31, வியாழக்கிழமை காலை, பெண்டி பஜாரின் பாக்மோடியா தெருவில் ஹுசைனி கட்டடம் இடிந்து விழுந்தது. இரண்டு நாள் முன்புதான் மும்பையே மழையில் மூழ்கியிருந்தது. 33 பேர் இறந்தார்கள். அது இந்தத் திட்டத்துக்குள் வரும் கட்டடம். ஆபத்தானது என்று ஏற்கெனவே அறிவிக்கப்பட்டது. சில குடும்பங்கள் டிரான்சிட் வீட்டுக்குப் போய்விட்டிருந்தன. சில போகவில்லை.

ஏன் போகவில்லை என்று வெளியிலிருந்து கேட்பது சுலபம். பிள்ளையின் பள்ளிக்கூடம் நடை தூரத்தில். கடை கீழே. "இரண்டு வருஷம்" என்று சொல்லிக் கூட்டிப்போய் இருபது வருடம் டிரான்சிட்டில் வைத்த கதைகள் மும்பையில் தெருவுக்கு ஒன்று. பகடி உரிமை இருக்கிற ஒரே அத்தாட்சி, அந்த அறையில் தான் உட்கார்ந்திருப்பதுதான் என்று நினைக்கிறவரை எழுப்புவது லேசு இல்லை. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை அவர் நம்ப வேண்டுமானால், திரும்பி வரும் தேதியையும் நம்ப முடிய வேண்டும்.

அந்தத் தேதிகள் எப்படி நகர்ந்தன? 2009-ல் அறிவித்த திட்டத்தில், முதல் கட்டமான அல் சாதா இரட்டைக் கோபுரங்களுக்குள் ஆட்கள் குடிபோகப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. இரண்டும் நாற்பது மாடியை ஒட்டிய உயரம். 600-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அதில் வீடு. மீதிக் குடும்பங்கள் அடுத்த கோபுரங்களுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

## கீழே கடை, மேலே பில்

குடித்தனங்களின் கணக்கு சதுர அடியில் சரியாகிவிடும். கடைகளின் கணக்கு அப்படி இல்லை. இந்தப் பேட்டையின் கடைக்குப் பல சமயம் எட்டடி அகலம்தான். பாதிச் சரக்கு வாசலுக்கு வெளியே தொங்கும். போகிறவர் கையில் துணி உரசும், நின்று விலை கேட்பார், அதுதான் வியாபாரம். அதே பரப்பைப் புதுக் கட்டடத்தின் முதல் மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொடுத்தால் பத்திரத்தில் ஒரு சதுர அடிகூடக் குறையாது, ஆனால் கல்லா குறையும். எஃப்எஸ்ஐ-யில் தெருமுகத்துக்கு மதிப்பெண் கிடையாது. மொத்தத் திட்டத்திலும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்காத இடம் இதுதான்.

வீட்டுக்காரர்களுக்கு வருவது வேறு ஒரு புதுமை: பராமரிப்புக் கட்டணம். பழைய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, ஜெனரேட்டர் கிடையாது, முப்பதாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் கிடையாது. கோபுரத்தில் இவை எல்லாம் உண்டு, எல்லாவற்றுக்கும் மாதாமாதம் காசு வேண்டும். இதற்காகவே கட்டுகிறவர் ஒரு மூலநிதியை வங்கியில் போட்டு வைக்க வேண்டும் என்று 33(9) கேட்கிறது. வட்டியிலிருந்து பராமரிப்பை ஓட்டுவதற்கு. அந்த நிதி தாங்கும் காலம் வரை கவலை இல்லை. அது தீர்ந்த பிறகு, மாதம் நூறு ரூபாய் வாடகையில் மூன்று தலைமுறை ஓட்டிய ஒரு குடும்பத்தின் கதவுக்குக் கீழே குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் பில் வந்து விழும். தொகை சில ஆயிரம் இருக்கும். தரகரும் வாசலுக்கு வரத் தொடங்குவது அந்த மாதத்திலிருந்துதான்.